கடலுக்குள் நீட்டிய கால்

அம்மாவால் ஸ்கூட்டரை விட்டு இறங்க முடியவில்லை. லிங்கநகரில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் இரண்டு காலையும் ஊன்றி, ஸ்கூட்டர் சரியாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா என் தோளை அழுத்தியபடி வலது காலைத் தூக்கி மற்றப் பக்கம் போடப் பார்த்தார். கால் வரவில்லை. கடற்கரையில் நடக்கத் தொடங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. அப்பா முற்றத்தில் இருந்து வந்து, கக்கத்தில் கைகொடுத்து அம்மாவை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நடக்கவெண்டுதானே கூட்டிக்கொண்டு போனனீ? இப்ப பார், தூக்கிக்கொண்டு போகவேண்டிக் கிடக்கு."

வந்த கோபத்தை அங்கேயே கொட்டியிருப்பேன். அம்மா என் கையைக் கிள்ளியதால் அடக்கினேன்.

முந்திய ஞாயிற்றுக்கிழமை இதே அப்பா, துறைமுகத்தில் தன்னோடு வேலை செய்கிறவர்களுடன் கிரிக்கெட் விளையாடிவிட்டு இடுப்பு நாரியைப் பிடித்தபடி வந்தார். வருடத்துக்கு ஒரு தரம் மட்டையைத் தொடுகிற மனிதர். அன்றைக்கு வீடு பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். குசினியில் சுடுதண்ணீர் கொதித்தது. அண்ணா கடைக்கு ஓடி, நோவுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் வாங்கி வந்தான். அம்மா நல்லெண்ணெயைச் சூடாக்கி முதுகில் தேய்த்துவிட்டார். இரவுக்கு நண்டு இரசம். "விளையாடினா நோகும்தானே" என்று அப்பா கதிரையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவன் ஜிம்முக்குப் போய்விட்டு வந்து, கையை உயர்த்தித் தலைசீவ முடியாமல் நின்றால் அது வீட்டில் ஒரு விசேஷம். அவனுக்கு அவித்த முட்டை வரும். ஆண்களுக்கு உடம்பு உளைந்தால் அது வீரம். அம்மாவுக்கு உளைந்தால், "ஆர் உம்மை நடக்கச் சொன்னது?"

யார் சொன்னது என்று எல்லோருக்கும் தெரியும். கிளினிக்கில் டொக்டர் சொன்னார். அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. மாத்திரையை இனிமேலும் கூட்டிக்கொண்டு போக முடியாது, நடக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் ஊசிக்குத்தான் மாறவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். ஊசி ஒன்றும் உலகத்தின் முடிவில்லை என்று நான் சொன்னது அம்மாவின் காதில் ஏறவில்லை. அம்மா ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. ஊசி போடாமல், விடுப்பு எடுக்காமல், பென்சன் வரைக்கும் வகுப்பில் நின்று படிப்பித்து முடிக்க வேண்டும். அவருக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அதற்கு நடக்கவேண்டும். நடக்கக் கால் வேண்டும்.

நான் அப்போதுதான் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டம் முடித்து, நியமனம் வரும் வரும் என்று வீட்டில் இருந்தேன். படித்ததை யாரிலாவது செய்துபார்க்கக் கை துருதுருத்துக்கொண்டிருந்தது. அம்மா நடக்கவேண்டும் என்றதும் எனக்கு ஒரு ஒலிம்பிக் வீராங்கனையையே கையில் தந்தமாதிரி இருந்தது.

எங்கள் ஒழுங்கையில் நடக்க ஏலாது. நாய்கள் ஒரு பக்கம், "எங்க ரீச்சர் போறியள்?" என்று மதிலுக்கு மதில் கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். அதனால் பாடசாலை முடிந்து, தேத்தண்ணி குடித்து, வெயில் இறங்கியதும் அம்மாவை ஏற்றிக்கொண்டு டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போவேன். ஸ்கூட்டர் நின்றதும் அம்மா இறங்கி, பஸ்ஸைத் தவறவிடப் போகிறவர்மாதிரி விறுவிறுவென்று நடக்கத் தொடங்கிவிடுவார். முதல் ஐந்து நிமிசமாவது ஆறுதலாக நடவுங்கோ, கால் சூடேறட்டும் என்று பின்னால் ஓடி ஓடிச் சொல்வேன். மெதுவாக நடந்தால் காற்று வாங்க வந்தவள் என்று நினைப்பார்களாம். வேகமாக நடந்தால்தான் டொக்டர் சொல்லி நடக்கிறார் என்று தெரியுமாம். அதிலும் கடற்கரை மணல் தண்ணீர்ப் பக்கம் சரிந்து கிடக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில், மற்றக் கால் மேட்டில். திரும்பும்போதும் அதே மணலால் வந்தால் பள்ளமும் மேடும் கால் மாறி, சரிக்குச் சரியாகும். ஆனால் அம்மா திரும்பும்போது தெருவால் வருவார், ஆட்கள் குறைவென்று. போட்டிருந்ததோ பாடசாலைக்குப் போடுகிற தட்டைச் செருப்பு. நடந்து முடிந்ததும் உடம்பு கொதிக்கக் கொதிக்க ஸ்கூட்டரில் ஏறி இருந்துவிடுவார். வீடு போய்ச் சேருவதற்குள் கெண்டைக்கால் கயிறுமாதிரி இறுகிவிடும். இறங்க முடியாமல் போனதில் என்ன அதிசயம்?

அம்மா பிறகு திரும்ப நடக்கத் தொடங்கியதும் இதில் அரைவாசியை நான் சண்டை பிடித்தே சரிசெய்துவிட்டேன். செருப்பை மாற்றினோம். நடந்த வழியாலேயே திரும்பினோம். தூரத்தைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினோம். ஒரு நாள் நடந்தால் அடுத்த நாள் ஓய்வு என்றேன், ஒத்துக்கொண்டார். கிளம்ப முதல் குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்கவும் பழகினார். ஒன்றே ஒன்றுக்குத்தான் மாட்டேன் என்றார். நடந்து முடிந்தபின், ஸ்கூட்டரில் ஏற முதல், கடற்கரைத் தெருவோரம் உள்ள கட்டைச் சுவரை, அந்தக் குந்தைப் பிடித்து நின்று, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதியை நிலத்தில் அழுத்திக் கெண்டைக்காலை இழுக்கவேண்டும். இரண்டு காலுக்கும் சேர்த்து மூன்று நிமிசம்கூட வராது.

"இதிலையோ?" என்றார் அம்மா. "இவ்வளவு சனத்துக்கு முன்னாலையோ?"

எங்கள் ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் பாடம். பெண் நடக்கலாம், எங்கேயோ போகிறாள். அவசரத்துக்கு ஓடலாம். குந்தில் இருந்து கடலை கொறிக்கலாம். ஆனால் நின்ற இடத்தில் காலை நீட்டி உடம்பை வளைக்கக் கூடாது. பந்தடிக்கிற பெடியன்கள் அதே மணலில் காலை அகட்டி, முனகி, ஒருவன் முதுகில் ஒருவன் ஏறி இழுப்பார்கள். ஒரு தலையும் திரும்பாது. கோட்டைப் பக்கம் இருந்து வருகிற மான் நடுத்தெருவில் நின்று முன்காலை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கிறது. அதைப் படம் பிடிக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயது ரீச்சர் கெண்டைக்காலை நீட்டினால் மட்டும் கடற்கரை கெட்டுப்போய்விடுமா?

இது எனக்குப் புதிதும் இல்லை. பாடசாலையில் நான் தடை தாண்டி ஓடினேன். ஆண்கள் அணி மைதான நடுவில் வட்டமாக இருந்து கால் நீட்டும். எங்களை வகுப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியடிக்குப் போகச் சொல்வார்கள். அந்த இடத்தில் நாலு பேருக்கு மேல் நிற்க முடியாது. பெல் அடிக்கிற நேரம் நெருங்கினால் நீட்டாமலே ஓடுவோம். முன்னங்கால் எலும்பில் குத்து வந்து நான் ஒரு தவணை முழுக்க நொண்டினேன். உனக்கு உடம்பில் பலம் காணாது என்றார்கள். ஒருவராவது எங்களுக்கு இடம் காணாது என்று சொல்லவில்லை.

அதற்கெல்லாம் முதல், அப்பா இறக்கிவிட்ட அன்றோடு அம்மா நடையையே நிறுத்தியிருந்தார். அடுத்தடுத்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்த வைத்தியத்தைச் சொல்லி முடியாது. அண்ணா தான் ஜிம்முக்குக் குடிக்கிற புரத மாவில் ஒரு கரண்டி கரைத்து வைத்தான். அப்பா முழு ஓய்வு என்று தீர்ப்புச் சொன்னார். அந்த ஓய்வுக்குள் சோறு சமைப்பதும் உடுப்புத் தோய்ப்பதும் அடங்கும். பக்கத்து வீட்டார் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கொண்டுபோய் ஏழு கிணற்றிலும் அள்ளி ஊற்றினால் போதும் என்றார்கள். அம்மா யாருக்கும் சொல்லாமல் காலையில் பனடோல், பின்னேரம் பனடோல் என்று போட்டுக்கொண்டிருந்ததை நான் குப்பைக்கூடையில் கிடந்த மாத்திரை உறைகளில் கண்டேன். நோவை மறைத்துவிட்டு வகுப்பில் நிற்பதற்காம்.

உளைவு வேறு, நோ வேறு என்று அம்மாவுக்கு விளக்கினேன். புதிதாய் வேலை வாங்கிய தசை அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் உளையும், பிறகு தானே ஆறும். அதற்குப் பயந்து படுக்கக் கூடாது, மெதுவாக அசைந்துகொண்டே இருக்கவேண்டும். ஆனால் மூட்டுக்குள் குத்தினால், வீங்கினால், சுட்டால் நிற்கவேண்டும், போய்க் காட்டவேண்டும். கால் நீட்டினால் உளைவே வராது என்றும் நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு இறுகின கெண்டைக்கால் முழங்காலைப் போட்டு இழுக்கிறது, அதை விடுவித்தால் அவரால் நடக்க முடியும், அவ்வளவுதான். அம்மா வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டார்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை செய்கிறவரிடம் கூட்டிப்போனேன். அவர் முழங்காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தார். வீக்கம் இல்லை, மூட்டுக்கு ஒன்றும் இல்லை, கெண்டைக்கால்தான் இறுகிக் கிடக்கிறது, நடந்து முடிந்ததும் நீட்டுங்கோ ரீச்சர், நடையை விடாதேங்கோ என்றார். நான் சொன்னதை வரிக்கு வரி. வெளியே வந்ததும் அம்மா, "என்ன வடிவா விளங்கப்படுத்துறார், பாத்தியே?" என்றார். நான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். அது பட்டனை அமத்தினாலே கிளம்புகிற ஸ்கூட்டர்.

சரி, நீட்டவேண்டும் என்று இப்போது அம்மாவும் நம்பினார். எங்கே நீட்டுவது? கடற்கரையில் மாட்டார். வீடு வந்து நீட்டுவதற்குள் இறுகிவிடுகிறது. வழியைக் காட்டியது அம்மாவோடு படிப்பிக்கிற கிண்ணியா ரீச்சர். கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்து ரவுணுக்குள் இருக்கிறவர். அவருக்கும் கால் உளைவு. அபாயாவோடு எங்களுடன் நடக்க வரத் தொடங்கியிருந்தார். அம்மா மாட்டேன் என்பதும் நான் கத்துவதுமாக இருப்பதை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"ரீச்சர், இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்குவம். அடியில கால் என்ன செய்யுது எண்டு மீனுக்குத்தான் தெரியும்."

இறங்கினார்கள். எங்கள் கடற்கரையில் பெண்கள் உடுப்போடு கடலில் நிற்பதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்தார்கள். மேலே பார்த்தால் இரண்டு ரீச்சர்மார் பாடசாலை அதிபரைப் பற்றிக் கதைக்கிறார்கள். கதைத்ததும் உண்மையில் அதுதான். கீழே, தண்ணீருக்குள், ஒரு கால் பின்னால் நீண்டு குதி மணலில் புதைந்திருந்தது. நான் கரையில் நின்று கைவிரலால் எண்ணிக் காட்டுவேன், காலை மாற்றுவார்கள். பிறகு துவாயைச் சீட்டில் விரித்து, நனைந்த உடுப்போடு அம்மாவை ஏற்றிக்கொண்டு வருவேன். கேற்றடியில் தானாக இறங்கினார். அடுத்த கிழமையும் இறங்கினார். நடையின் தூரம் கூடியது. கிளினிக்கில் இப்போதைக்கு ஊசி வேண்டாம், பார்ப்போம் என்றார்கள். அம்மா வெளியே வந்து, கன்ரீனில் சீனியில்லாத தேத்தண்ணி வாங்கி, பாயாசம் குடிக்கிறமாதிரிக் குடித்தார்.

எனக்குச் சந்தோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கரையில் நின்று விரலை மடக்கும்போது என் காது சூடாகும். என்ன குற்றம் செய்தோம் என்று கடலுக்குள் கொண்டுபோய் ஒளிக்கிறோம்? கள்ளச் சரக்கா அது? கெண்டைக்கால்!

இதைவிட மோசம் பின்னால் வந்தது. அம்மாவின் நடை திருந்தியதை எல்லோரும் கண்டார்கள், என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அம்மா, "கடல் தண்ணியில நிண்டனான்" என்றார். ஆசிரியர் அறையில் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். கதை பரவியது. உப்பு நோவை உறிஞ்சுகிறது என்று ஒருவர் விளக்கமும் கண்டுபிடித்தார். அந்திப்பட்டால் கரையோரம் வரிசையாகப் பெண்கள், முழங்காலளவு தண்ணீரில், ஒன்றும் செய்யாமல், யாரோ வந்து தூக்கிப் போவார்கள் என்பதுபோல் நின்றார்கள். அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். மழை பெய்து நாங்கள் போக முடியாத ஒரு நாள், துறைமுகத்து இறங்குதுறையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல்தண்ணீர் அள்ளிவந்து, பேசினில் ஊற்றி, "இஞ்சை வாரும், காலை வையும்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். தண்ணீருக்கு மேல் டீசல் வானவில்லாக மினுங்கியது. அம்மா போய்க் காலை வைத்தார். கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதலாம்போல் இருந்தது.

அப்பா போனபின் கேட்டேன், ஏன் இந்தப் பொய் என்று.

"பொய் என்ன பிள்ளை? தண்ணியில நிண்டனான்தானே. நிண்டு என்ன செய்தனான் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

"கேட்டா சொல்லுவீங்களோ?"

அம்மா டீசல் ஒட்டின காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

பாலையூற்றில் இருந்து ஒரு அன்ரி வரத் தொடங்கியது அந்த நாட்களில்தான். கோயில்களுக்கு மாலை கட்டிக் கொடுக்கிறவர். நாள் முழுக்கச் சம்மாணம் கொட்டி இருந்து வேலை. பிள்ளைகளை அம்மாவிடம் படிக்க விட்டவர் என்பதால் அம்மா சொன்னால் அவருக்கு வேதம். பஸ்ஸில் வந்து, பாவாடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்பார். ஒரு நாள் பக்கத்தில் போய் முழங்காலைப் பார்த்தேன். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. தொட்டேன், சுட்டது. அன்ரி, இது உளைவில்லை, இதற்குத் தண்ணீரும் சரிவராது, நடையும் இப்போது வேண்டாம், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்துப் பாவமாகச் சிரித்தார். "உங்கட அம்மாவுக்குச் சுகம் வந்ததுதானே மகள்" என்றார். படித்த படிப்பைச் சுருட்டிக் கடலில் எறியலாமா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் கத்தியும் சொன்னேன். அம்மா நாளைக்குக் கதைக்கிறேன் என்றார். அந்த நாளை வரவில்லை. கிண்ணியா ரீச்சரும் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லத்தான் வேணும். எப்படிச் சொல்ற?" என்றார். இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு உண்மை பேசு என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவர்கள்.

ஐப்பசி பிந்த வாடைக்காற்று தொடங்கியது. எங்கள் கடலை அந்த மாதங்களில் நம்ப ஏலாது. வள்ளங்களை மேலே இழுத்துவிட்டார்கள். அலை குந்துவரை வந்து மணலை வாரிக்கொண்டு போனது. மழை விட்ட ஒரு பின்னேரம், வழக்கம்போல் மூன்று பேரும் நடந்து முடித்தோம். அம்மா கடலைப் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"தை பிறக்கட்டும் பிள்ளை. கடல் அடங்கினபிறகு நடப்பம்."

தைக்கு எவ்வளவு காலம் கிடக்கிறது. நடை நின்றால் சீனி ஏறும், சீனி ஏறினால் அந்த ஊசி. அது அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும், குந்தைப் பிடித்துக் காலை நீட்டுவதைவிட ஊசி பரவாயில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வருகிற அழுகை. சாவியை எடுத்தேன்.

அப்போதுதான் பாலையூற்று அன்ரியைக் கண்டோம். பஸ்ஸால் இறங்கி, நொண்டி நொண்டி மணலைக் கடந்து, அலை உடைகிற இடத்துக்கே போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது காற்றில் போய்விட்டது. ஒரு அலை வந்து அவரை முழங்காலில் இருத்தியது. அடுத்தது வருவதற்குள் நானும் கிண்ணியா ரீச்சரும் ஓடிப்போய் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். நான் திரும்பிப் பார்த்தால், வாழ்க்கையில் ஓடியே அறியாத அம்மா, செருப்பை உதறிவிட்டு எங்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார்.

குந்தில் கொண்டுவந்து இருத்தினோம். அன்ரி நடுங்கிக்கொண்டே, "கொஞ்ச நேரம் நிண்டா காணும் ரீச்சர்" என்றார்.

"தண்ணியில ஒண்டும் இல்லை" என்றார் அம்மா.

அன்ரிக்கு விளங்கவில்லை.

"எனக்குச் சுகம் வந்தது தண்ணியால இல்லை. தண்ணிக்குள்ள நிண்டு காலை இழுத்தனாங்கள். வெக்கத்தில சொல்லேல்லை. உங்கட முழங்கால் வீங்கிக் கிடக்கு, அதுக்கு என்ர வைத்தியமும் சரிவராது. நாளைக்கு விடிய நான் லீவு போட்டு வாறன், ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவம்."

விடுப்பு எடுக்காத மனுசி. அன்ரி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "எப்பிடி இழுத்தனீங்கள்?" என்று கேட்டார். நம்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. வைத்தியத்தை மறைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ.

அம்மா எழும்பினார். குந்தில் இரண்டு கையையும் வைத்தார். இடது காலைப் பின்னால் கொண்டுபோய், வெறுங்குதியை ஈர மணலில் அழுத்தி, முன்னால் சாய்ந்தார். அலை நனைத்த சல்வார் காலோடு ஒட்டியிருந்தது. கடலை விற்கிறவர் பார்த்தார். குடைக்குள் போன இரண்டு பெண்கள் நின்று திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு ஆள், அம்மாவிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர், இப்போது பெரிய வயிற்றோடு இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், எழும்பி மரியாதையாகக் கிட்ட வந்தார்.

"என்ன ரீச்சர், காலில ஏதும் குத்திப்போட்டுதோ?"

"இல்லை. நடந்து இறுகின காலை இழுக்கிறன். நீயும் நடந்துபோட்டு வந்து இழு. வண்டி வைச்சிட்டுது உனக்கு."

அவர் "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போனார். கிண்ணியா ரீச்சர் அபாயாவின் விளிம்பை ஒரு கையால் ஒதுக்கி, அம்மாவுக்குப் பக்கத்தில் தன் காலையும் நீட்டினார்.

அடுத்த நாள் அம்மா அன்ரியை ஆஸ்பத்திரியில் காட்டினார். முழங்காலில் இருந்து நீர் எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார்கள். அம்மா அதை என்னிடம் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை எல்லாம் ஏற்கெனவே கத்தியிருந்தேன்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. அப்பாவின் காதுக்குக் கதை போய், ரீச்சர் கடற்கரையில் கூத்துக் காட்டுகிறாராமே என்று துறைமுகத்தில் யாரோ கேட்டார்களாம். அப்பா அதை இரவுச் சாப்பாட்டில் அப்படியே பரிமாறினார். "நீங்கள் நாரியைப் பிடிச்சுக்கொண்டு வந்த அண்டைக்கு ஆரும் கூத்தெண்டு சொல்லேல்லை" என்று நான் சொன்னேன். அண்ணா சிரித்துவிட்டுப் புரைக்கேறி இருமினான். அப்பா சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனார். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை.

அம்மா மாரி முழுக்க நடந்தார். மழை விட்ட பின்னேரம் எல்லாம் நடந்தார். முடிந்ததும் குந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆனால் முதலில் என்னைக் கூப்பிட்டு, தனக்குப் பின்னால், கடல் பக்கமாக நிற்கச் சொல்வார். மணலில் நடந்துபோகிறவர்களுக்குத் தெரியாமல் நான் மறைக்கவேண்டும். துவாயை வேறு விரித்துப் பிடிக்கவேண்டும். நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நான் ஒரு திரைச்சீலையாகி நின்றேன். ஒவ்வொரு நாளும் மனதுக்குள் அம்மாவோடு, அப்பாவோடு, குடைக்காரப் பெண்களோடு, என் பழைய பாடசாலையோடு சண்டை பிடித்தபடி நின்றேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது, இனி மறைக்கமாட்டேன் என்று சொல்லிவிடுவது என்று ஒரு பேச்சைத் தயார்பண்ணி வைத்திருந்தேன். நல்ல பேச்சு.

தையில் ஒரு பின்னேரம். மழை இல்லை, கடற்கரையில் சனம். அம்மா கையைக் குந்தில் வைத்துக் காலை நீட்டிவிட்டார். நான் துவாயை உதறி விரித்தேன். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, அம்மா திரும்பாமலே சொன்னார்:

"தள்ளி நில் பிள்ளை. காத்தை மறைக்கிறாய்."